ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கம்: ஒற்றை வழியால் வந்த வினை

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், ஸ்காட்லாந்தின் எல்லையை அடுத்துக் கிடப்பது நார்தம்பர்லாந்து மாவட்டம். அதற்குத் தெற்கே டர்ஹாம் மாவட்டம். இவ்விரண்டும் சேர்ந்து பல நூற்றாண்டுகளாக லண்டன் மாநகரின் அடுப்புகளுக்கு எரிபொருள் அனுப்பி வந்தன. டைன் ஆற்றங்கரையிலுள்ள நியூகாசில் நகரிலிருந்து கப்பல் கப்பலாக நிலக்கரி சென்றமையால், நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போவது என்பது வீண்வேலையைக் குறிக்கும் பழமொழியாக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று நம்மவர் சொல்வதும் அதே பொருளதே.

அந்த வட்டாரத்தில் சுரங்கங்களுக்குக் குறைவில்லை. ஹார்ட்லிச் சுரங்கத்தைவிட ஆழமானவையும் இருந்தன. அதைவிடப் பன்மடங்கு நிலக்கரி ஈந்தவையும் இருந்தன. ஆயினும் சுரங்கத் தொழிலின் வரலாற்றை எழுதப் புகுந்தவர் எவரும் ஹார்ட்லியைத் தாண்டிப் போக இயலாது. அச்சுரங்கத்திற்கு மேலிருந்து கீழே செல்ல ஒரே ஒரு கிணறுதான் இருந்தது என்பதே அதற்குக் காரணம்.

பழைய ஹார்ட்லியும் புதிய ஹார்ட்லியும்

நியூகாசிலுக்கு வடகிழக்கே கடலோரத்தில் சீட்டன் ஸ்லூயிஸ் என்றொரு சிறு துறைமுகம் உண்டு. டெலவல் என்னும் பிரபுக் குடும்பத்தார் பதினேழாம் நூற்றாண்டில் அதை அமைத்தனர். பின்னர், 1760-களில், அதே குடும்பத்தார் கடற்கரைப் பாறையை வெட்டிக் கப்பல்களுக்குப் புதிய வாயிலும் செய்தனர். உப்புக் காய்ச்சுதல், கண்ணாடிப் புட்டி செய்தல், நிலக்கரி ஏற்றுமதி ஆகிய மூன்று தொழில்களும் அங்கே ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. மட்டமான கரி உப்பு அடுப்புக்கும் கண்ணாடி உலைக்கும் போகும். உயர்ந்த கரி கப்பலேறும். நீராவிக் கப்பல்கள் பெருகிய காலத்தில், சுறுசுறுப்பாக எரியும் இவ்வட்டாரக் கரிக்கு ஹார்ட்லிக் கரி என்றே வாணிகப் பெயர் ஏற்பட்டது.

கடலுக்கு அருகில் தோண்டுவோர்க்குத் தண்ணீரே முதற்பகை. பழைய ஹார்ட்லிச் சுரங்கத்தில் 1844-இல் வெள்ளம் புகுந்தது; அதைக் கைவிட நேர்ந்தது. மறு ஆண்டே சற்று உள்நாட்டில் புதிய இடம் பார்த்துத் தோண்டத் தொடங்கினர். 1846-இல் கரி கிடைத்தது. ஹெஸ்டர் குழி என்பது இப்புதிய சுரங்கத்தின் பெயர். அதைச் சுற்றி எழுந்த தொழிலாளர் குடியிருப்பே நியூ ஹார்ட்லி என்னும் ஊர். நிலம் ஹேஸ்டிங்ஸ் பிரபுவினுடையது. அதைக் குத்தகைக்கு எடுத்துச் சுரங்கம் நடத்தியவர்கள் வேறு.

ஹெஸ்டர் குழியின் கிணறு ஏறத்தாழ 600 அடி ஆழம். குறுக்களவு 12 அடிக்குச் சற்று மேல். அதன் வழியே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கரிப்படுகைகளை எட்டலாம். மேலே ஹை மெயின், நடுவே யார்டு, அடியில் லோ மெயின் என்பன அவற்றின் பெயர்கள். வேலை பெரும்பாலும் அடிப்படுகையிலேயே நடந்தது.

ஒரு கிணற்றை இரண்டாக்கிய கணக்கு

சுரங்கத்திற்கு மூச்சு உண்டு. அதனுள் மனிதன் உயிர்வாழ வேண்டுமானால் நல்ல காற்று ஒரு வழியாக இறங்க வேண்டும். கெட்ட காற்று வேறு வழியாக ஏற வேண்டும். மின்விசிறிகள் இல்லாத அக்காலத்தில் இதற்கு எளிய உபாயம் ஒன்று கையாளப்பட்டது. கீழே ஓர் உலையை இடைவிடாமல் எரியவிடுவர். உலையின் வெப்பத்தால் இலேசான காற்று ஒரு கிணற்றின் வழியே மேலே கிளம்பும்; அதனால் மற்றொரு கிணற்றின் வழியே புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். நம் வீட்டுப் புகைக்கூண்டு வேலை செய்யும் முறையும் இதுவே.

அப்படியானால் இரண்டு கிணறுகள் வேண்டுமல்லவா? வேண்டும். ஆனால் நீரூற்றுப் பெருகிய பாறைகளினூடே 600 அடி தோண்டுவது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. ஆகவே, ஒரே கிணற்றின் நடுவே உச்சி முதல் அடி வரை மரப்பலகைகளால் தடுப்பு ஒன்று கட்டி, ஒரு பாதியைக் காற்று இறங்கவும் மறு பாதியைக் காற்று ஏறவும் விட்டனர். இத்தடுப்பைப் பிராட்டிஸ் என்று அவ்வூர்ச் சுரங்கத்தார் அழைத்தனர். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு, கரி வரும் வழி, தண்ணீர் இறைக்கும் குழாய்கள் எல்லாம் அந்தப் பன்னிரண்டடி வட்டத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். அமைதியான நாளில் இது திறமையான ஏற்பாடாகவே தோன்றும். கணக்கப்பிள்ளையின் ஏட்டில் பெருந்தொகை மிச்சம். ஆனால் அந்தப் பலகைத் தடுப்பு முறிந்தால் வெளியேறும் வழியும் போகும். அதே நொடியில் மூச்சும் நிற்கும்.

இதை எவரும் அறியாதிருந்தனர் என்று சொல்லிவிட முடியாது. ஹார்ட்லிக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, டைன் ஆற்றின் தென்கரையில் ஃபெல்லிங் என்னும் சுரங்கத்திற்கு இரண்டு கிணறுகள் இருந்தன. 1812 மே 25-இல் அங்கே எரிவாயு வெடித்து 92 பேர் மாண்டனர். அவ்விபத்தை அடுத்து எழுந்த கிளர்ச்சியின் பயனாகவே ஹம்ப்ரி டேவி 1815-இல் தம் காப்பு விளக்கை அமைத்தார். அது பெரிய அறிவியல் வெற்றி, ஐயமில்லை. ஆயினும், அந்தப் புகழொளியில் பலர் ஒன்றை மறந்தனர். வாயுவை வெல்ல விஞ்ஞானியின் மூளை தேவை. இரண்டாவது கிணறு தோண்ட எந்த விஞ்ஞானியும் தேவையில்லை. பணமும் மனமும் இருந்தால் போதும்.

முறிந்த துலா

ஹார்ட்லியில் பெருகிய நீரை இறைக்க மாபெரும் நீராவி இயந்திரம் ஒன்று கிணற்றின் வாயருகே நின்றது. அதன் முக்கிய உறுப்பு வார்ப்பிரும்பால் ஆன ஒரு நீண்ட உத்தரம். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் ஏற்றம் இறைப்பதைக் கண்டவர்கள் அதன் துலாவை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். நடுவில் தாங்கப்பட்ட துலாவின் ஒரு முனையை நீராவி மேலும் கீழும் அசைக்கும்; கிணற்றுக்கு நேர் மேலே நீண்டிருக்கும் மறு முனை பம்பின் தண்டுகளைத் தூக்கி இறக்கும். ஏற்றத் துலாவை ஒருவனோ இருவரோ மிதித்தால் போதும். ஹார்ட்லித் துலாவின் எடையோ ஏறத்தாழ 42 டன்!

வார்ப்பிரும்பு சுமையைத் தாங்கும். ஆனால் திடீர் அதிர்ச்சியைத் தாங்காது. தேனிரும்பு வளைந்து எச்சரிக்கை தரும். வார்ப்பிரும்பு எந்த அறிகுறியும் காட்டாமல் படீரென முறியும்.

1862 ஜனவரி 16, வியாழக்கிழமை. அதிகாலையில் இறங்கியவர்களின் முறை முடிந்து, அடுத்த முறைக்காரர்கள் இறங்கியிருந்த முற்பகல் வேளை. கரிவெட்டும் இடத்திலேயே ஆள் மாற்றும் வழக்கம் அங்கே இருந்ததால், இரு முறைக்காரர்களும் ஒருசேரக் கீழே இருந்தனர். வேறு எந்த வேளையில் இது நிகழ்ந்திருந்தாலும் இழப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்திருக்கும். முதல் முறையினர் சிலர் ஏற்கெனவே வீடு திரும்பிவிட்டனர். எட்டுப் பேர் கூண்டில் மேலே வந்துகொண்டிருந்தனர். அப்பொழுது, பத்தரை மணியளவில், துலா நடுவே முறிந்தது. கிணற்றின் மேல் நீண்டிருந்த பாதி, இருபது டன்னுக்கு மேற்பட்ட இரும்பு, நேரே கிணற்றினுள் வீழ்ந்தது.

வீழ்ந்த இரும்பு பலகைத் தடுப்பைச் சிதைத்தது. கிணற்றுச் சுவரைத் தாங்கிய மரங்களைப் பெயர்த்தது. கல்லும் மண்ணும் சரிந்தன. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 400 அடி ஆழத்தில் ஓர் அடைப்பாக இறுகிக்கொண்டன. கூண்டில் வந்தவர்களுள் ஐவர் உயிரிழந்தனர்; மூவர் மறுநாள் உயிரோடு மீட்கப்பட்டனர். அவர்களைத் தவிர, அடைப்புக்குக் கீழே 199 பேர் இருந்தனர்.

ஆறு நாட்கள்

கீழே இருந்தவர்கள் செய்தது அறிவுடைய செயல். பம்பு நின்றுவிட்டது, அடிப்படுகையில் இனித் தண்ணீர் ஏறும் என்று உணர்ந்து, இரண்டு படுகைகளையும் இணைத்த சிறு கிணற்றின் ஏணி வழியாக நடுப்படுகையாகிய யார்டுக்கு ஏறி, கிணற்றை ஒட்டிக் காத்திருந்தனர். வெள்ளத்திலிருந்து தப்பினர், காற்றிடமிருந்து தப்ப வழியில்லை. உலையிலிருந்து வந்த புகைக்குப் போக்கிடம் இல்லை. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது மனிதனை உறக்கத்தில் ஆழ்த்திக் கொன்றுவிடும்.

மேலே மீட்புப் பணிக்குத் தலைமை ஏற்றவர் வில்லியம் கோல்சன். கிணறு தோண்டுவதில் அவ்வட்டாரத்திலேயே பெயர்பெற்ற முதியவர். ஹெஸ்டர் குழியைத் தோண்டியவரும் அவரே. பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து கிணறு தோண்டுவோர் தாமே முன்வந்து சேர்ந்தனர். பன்னிரண்டடிக் கிணற்றில் ஒரே வேளையில் சிலரே நின்று வேலை செய்ய முடியும். அவர்கள் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கியவாறு, தலைக்கு மேல் எந்த நேரமும் சரியக்கூடிய சுவரோடு, கீழே இரும்பும் மரமும் கல்லும் பின்னிக் கிடந்த அடைப்பைத் துண்டு துண்டாக அகற்றினர். ஓரிடத்தில் அகற்றினால் வேறோரிடத்தில் சரிந்தது. தொடக்க நாட்களில் கீழிருந்து தட்டும் ஒலி கேட்டதாகச் சொல்லப்பட்டது. பின்னர் அதுவும் இல்லை. அடைப்பின் இடுக்குகளினூடே நச்சுக்காற்று மேலே வந்து மீட்போரையே மயக்கித் தள்ளியது. துணித்தடுப்புக் கட்டி, மேலிருந்து நல்ல காற்றை வரவழைத்த பின்னரே வேலை தொடர்ந்தது.

குளிர்காலத்தின் கொடும் பனியில், கிணற்று வாயைச் சூழ்ந்து பெண்கள் இரவு பகலாக நின்றனர். செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதின. தந்தியும் இருப்புப்பாதையும் பரவிவிட்ட காலமாதலால், பிரிட்டன் முழுதும் ஹார்ட்லிக் கிணற்றைச் சுற்றி நிற்பது போலாயிற்று. ஒரு மாதத்திற்கு முன் கணவரை இழந்திருந்த விக்டோரியா அரசியார் செய்தி கேட்டு ஆள் விடுத்தார்.

ஜனவரி 22, புதன்கிழமை, வழி பிறந்தது. உயிரோடு ஒருவரும் இல்லை. வரிசை வரிசையாக, தந்தையின் தோளில் மகன் சாய்ந்தவாறும், அண்ணனும் தம்பியும் அருகருகேயும், உறங்குவோர் போல அவர்கள் கிடந்தனர் என்று கண்டவர்கள் கூறினர். மேற்பார்வையாளர் ஒருவரின் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு கிடைத்தது. வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் இன்னின்னார்க்கு உடல்நிலை மிக மோசமாயிற்று என்பதும், தாங்கள் ஒன்றுகூடி இறைவனை வழிபட்டோம் என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தன. விபத்து நிகழ்ந்து ஒரு நாளுக்குப் பின்னும் அங்கே உயிர் இருந்தது என்பதற்கு அந்த ஏடே சான்று.

அவ்வேட்டைப் பற்றி ஆசிரியப் பெருமக்கள் மற்றொன்றும் அறிதல் நன்று. அக்குறிப்பு எழுதப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1860-இல், ஒரு சட்டம் நிறைவேறியது. பத்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவனைச் சுரங்கத்தில் இறக்க வேண்டுமானால், அவன் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற சான்று வேண்டும். இல்லையேல் பள்ளிக்கும் சென்று வர வேண்டும் என்பது அதன் விதி. சிறுவனைக் கீழே அனுப்புவதா என்று கேட்க வேண்டிய சட்டம், எழுத்தறிந்தவனாக அனுப்பு என்று கேட்டதோடு நின்றது. அதுகூட அந்நாளில் பெரும் முன்னேற்றமாகவே எண்ணப்பட்டது.

விசாரணையும் சட்டமும்

ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, பெருங்கூட்டம் பின்தொடர உடல்கள் எர்ஸ்டன் என்னும் ஊரின் கோயில் நிலத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. இருந்த இடுகாட்டில் இடம் போதாமையால், நார்தம்பர்லாந்துக் கோமகன் அதையடுத்த நிலத்தை ஈந்தார். மொத்தம் 204 பேர். ஒரே நாளில் ஓர் ஊரின் உழைக்கும் ஆண்களில் பெரும்பாலார் இல்லாமற் போயினர்.

பின்னர் மரண விசாரணை நடந்தது. இது தற்செயலான விபத்து என்பதே ஜூரிகளின் முடிவு; எவர் மீதும் குற்றம் சாட்டவில்லை. சட்டத்தின் கண்ணோட்டத்தில் அவர்களால் வேறு முடிவு கூறியிருக்கவும் இயலாது. ஒரு கிணற்றோடு சுரங்கம் நடத்துவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் அன்று இல்லை. இல்லாத சட்டத்தை மீறியவன் என்று யாரைச் சொல்வது? ஆனால் அவர்கள் அத்துடன் எழுந்து போய்விடவில்லை. எல்லாச் சுரங்கங்களுக்கும் இரண்டாவது வழி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றும், துலாக்களை வார்ப்பிரும்பால் செய்யாமல் அடித்து நீட்டக்கூடிய இரும்பால் செய்ய வேண்டும் என்றும் தம் முடிவோடு சேர்த்துச் சொல்லி வைத்தனர்.

அதன் பின் நாடாளுமன்றம் விரைந்து நகர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்திற்கும் குறைந்தது இரண்டு கிணறுகளோடு தொடர்பு இருக்க வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையே குறைந்தது 10 அடி இயற்கை நிலம் இருக்க வேண்டும். புதிய சுரங்கங்களுக்கு இவ்விதி உடனே பொருந்தும். பழையவற்றுக்கு 1865 தொடக்கம் வரை தவணை என்று அது விதித்தது. அந்தப் பத்தடி என்ற விதியே இச்சட்டத்தின் உயிர். பலகையால் பிரித்துவிட்டு இரண்டு என்று கணக்குக் காட்டும் தந்திரத்திற்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. இரண்டாவது கிணறு தன் சுரங்கத்துக்கே உரியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அடுத்த சுரங்கத்தோடு கீழேயே வழி வெட்டி இணைத்துக்கொள்ளலாம். அதனால் செலவைச் சுட்டிக் காட்டித் தப்பிக்க நினைத்தோர்க்கும் சாக்கு இல்லாமற் போயிற்று.

எளிதில் எழுந்துவிடும் கேள்வி ஒன்றுண்டு. ஏழே மாதத்தில் எழுதி முடிக்கக் கூடிய சட்டத்தை அதற்கு முன் ஏன் எழுதவில்லை? 1850 முதலே அரசாங்கச் சுரங்கப் பார்வையாளர்கள் இருந்தனர். விபத்து அறிக்கைகள் ஆண்டுதோறும் குவிந்தன. ஆனால் சுரங்கத்தின் அமைப்பு அதன் உடையவரின் சொத்துரிமை. அதில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கை அந்நாளில் வேரூன்றியிருந்தது. வெடிவிபத்து ஒன்று நிகழ்ந்தால், விளக்கைத் திறந்த தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்ல இடமிருந்தது. ஹார்ட்லியில் அதற்கும் இடமில்லை. மாண்டவருள் ஒருவரும் எந்தப் பிழையும் செய்யவில்லை. வாயு வெடிக்கவில்லை, விளக்குத் திறக்கப்படவில்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தனர். மேலே ஓர் இரும்பு முறிந்தது. அவ்வளவே. பழியைக் கீழே தள்ள முடியாததால் அது மேலேயே நின்றது. சட்டம் அவ்வளவு விரைவில் வந்ததற்கு 204 என்ற எண்ணைவிட இதுவே பெருங்காரணம் எனலாம்.

நிதியும் பாட்டும்

கைம்பெண்களுக்கும் தந்தையற்ற பிள்ளைகளுக்கும் நாடெங்கும் பணம் திரண்டது. 80 ஆயிரம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. உயிரைப் பணயம் வைத்து உழைத்த கிணறு தோண்டுவோர்க்கெனத் தனியாகவே ஒரு பதக்கம் அடிக்கப்பட்டது. கோல்சனுக்குத் தங்கத்திலும் மற்றவர்களுக்கு வெள்ளியிலும் அதை அளித்தனர்.

ஆனால் தொழிலாளர்கள் வேறொரு பாடம் கண்டனர். ஒரே நாளில் 204 பேர் மாண்டால் நாடு அழும், பணம் கொட்டும். ஒருவன் தனியே கல் விழுந்து மாண்டால் அவன் மனைவிக்கு யார் தருவார்? அப்படித் தனித்தனியே மாண்டவர் தொகையே பெரிது. ஆகவே, 1862-லேயே, நார்தம்பர்லாந்து, டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் நிரந்தர உதவி நிதி என்ற அமைப்பு தோன்றியது. தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து சிறு சந்தா கட்டி, மாண்டவர் குடும்பத்திற்கும் ஊனமுற்றோர்க்கும் உதவினர். பிரபுக்களின் நன்கொடையைவிட இந்தச் சில்லறைக் காசே நெடுங்காலம் நின்றது.

இவ்விபத்தைப் பாட்டாக்கியவரும் ஒரு சுரங்கத் தொழிலாளியே. ஜோசப் ஸ்கிப்சி என்பார் 1832-இல் பிறந்தவர். அவர் பிறந்த ஆண்டிலேயே, வேலைநிறுத்தக் கலவரம் ஒன்றில் காவலன் சுட்டு அவர் தந்தை இறந்தார். ஏழு வயதில் சுரங்கத்தில் இறங்கி, காற்றுக் கதவைத் திறந்து மூடும் வேலை பார்த்தார். பள்ளி வாசலை மிதியாத அச்சிறுவர் அந்த இருளில், கிடைத்த மெழுகுவத்தித் துண்டுகளின் ஒளியில், தாமே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஹார்ட்லித் துயரத்தைப் பற்றிய அவர் பாடல் அவ்வட்டாரத்தில் இன்றும் நினைக்கப்படுகிறது. பிற்காலத்தில் அவர், ஷேக்ஸ்பியர் பிறந்த இல்லத்தின் காப்பாளராகவும் சில காலம் பணியாற்றினார்.

பின்னைய நிலை

இரண்டு கிணறு விதி 1872-ஆம் ஆண்டின் பெரிய சுரங்கச் சட்டத்திலும் இடம்பெற்றது. இன்று பல நாடுகளின் சுரங்கச் சட்டங்களில் இருவழி என்பது அடிப்படை விதி. எல்லாக் கேட்டையும் அது ஒழித்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. 1909-இல் டர்ஹாம் மாவட்டத்து வெஸ்ட் ஸ்டான்லியில் 168 பேரும், 1951 மே 29-இல் அதே மாவட்டத்து ஈசிங்டனில் மீட்கச் சென்ற இருவர் உட்பட 83 பேரும் வெடிவிபத்தில் மாண்டனர். இரண்டாவது கிணறு நெருப்பை அணைக்காது. ஆனால் ஒரு பொறி முறிந்ததற்காக, ஊறில்லாத ஆட்கள் வெளியேற வழியின்றி மூச்சடைத்து மாளும் நிலையை அது தடுத்தது.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் 1947 ஜனவரி 1-இல் அரசுடைமையாயின, நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் தனியார் கைக்குப் போயின, ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நார்தம்பர்லாந்தின் கடைசி ஆழ்சுரங்கமாகிய எல்லிங்டன் 2005-இல் மூடியது. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமாகிய யார்க்‌ஷயர் கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடியது.

ஹெஸ்டர் குழியின் வாய் மூடப்பட்டு, அவ்விடத்தில் ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. எர்ஸ்டன் கோயில் நிலத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. அதன் பக்கங்களில் மாண்டவர் பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவரவர் வயதும் வெட்டப்பட்டுள்ளன. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதையும், அவற்றுக்கு எதிரே தந்தையின் வயதும் மக்களின் வயதுமாக எண்கள் இறங்கி வருவதையும் அங்கே காணலாம்.